பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கள்: ஒரு செய்முறைப் பகுதியின் வாசிப்பு

பெரும்பாணாற்றுப்படை பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்று. 500 அடிகள் கொண்டது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரைப் பாடும் பட்டினப்பாலையும் (301 அடிகள்) இவருடையதே. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வதாக நூல் அமைந்துள்ளது. வழியில் எந்த ஊரில் யார் இருப்பார்கள், அவர்கள் என்ன உண்ணக் கொடுப்பார்கள் என்பதை அவன் ஒவ்வொன்றாகச் சொல்கிறான்.

இந்த உணவுப் பட்டியலில் கள் மூன்று இடங்களில் வீட்டோடு சேர்ந்து வருகிறது. எயினர் தம் வீட்டிலேயே ஆக்கிய தோப்பியைக் குடிக்கின்றனர். வலைஞர் குடியிருப்பில் அரிசியைக் கொண்டு கள் விளைவிக்கும் முறை படிப்படியாகச் சொல்லப்படுகிறது. கடற்கரைப் பட்டினத்தில் கள் ஆக்கும் பெண்கள் கலம் கழுவும் காட்சி வருகிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால், சங்க காலத்து வீட்டுக் கள்ளாக்கக் கூடம் ஒன்றின் அமைப்பு ஓரளவு முழுமையாகக் கிடைக்கும். ஆயினும் இப்பகுதி வகுப்பறையில் பெரும்பாலும் தாண்டிச் செல்லப்படுகிறது. கள்ளுண்ணாமைக்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே (93) இருக்க, கள் செய்யும் முறையை மாணவர்க்கு விளக்குவது எப்படி என்ற தயக்கம் ஆசிரியர்க்கு உண்டு. தயக்கம் புரிந்துகொள்ளத் தக்கதே. ஆனால் அதனால் இழப்பது சிறிதன்று. பத்துப்பாட்டில் ஒரு தொழிலின் செய்முறை இவ்வளவு நெருக்கமாகப் பதிவான இடங்கள் அதிகம் இல்லை.

வலைஞர் வீடு

கள் செய்முறைக்கு முன்னால் புலவர் வீட்டைக் காட்டுகிறார். மூங்கிலும் மரக்கொம்பும் கலந்து கட்டி, தாழை நாரால் முடிந்து, தருப்பைப் புல் வேய்ந்த தாழ்ந்த கூரைக் குடில். முற்றத்தில் மீன் பிடிக்கும் பறிகள் கிடக்கின்றன. புன்னைக் கொம்புகளை வெட்டி நட்ட பந்தல், அதில் தொங்கும் பசுங்காய்கள், கீழே பரப்பிய மணல். கள் அந்தப் பந்தலின் அடியில்தான் ஆக்கப்பட்டது என்று பாட்டு சொல்லவில்லை. எனினும் கள்ளுக்கு வேண்டிய நிழலும் குளிர்ந்த மணல் தரையும் அங்கே இருக்கின்றன. இன்று வீட்டில் பியர் ஆக்குவதற்கென்று தனி அறை கட்டும் வெளிநாட்டவர் முதலில் யோசிப்பதும் இவற்றைத்தான்: வெயில் படாத சுவர், ஏறி இறங்காத வெப்பநிலை, நீர் வடியும் தரை.

அடுத்துச் செய்முறை. நன்றாகக் குற்றாத, தவிடு போகாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்க வேண்டும். வாயகன்ற பிழா என்னும் தட்டில் இட்டு, ஈரம் புலர்ந்து போகும்படி ஆற வைக்க வேண்டும். ‘நல்லடை’ என்ற ஒன்றை அதில் கலக்க வேண்டும். அது இனிமை பெற இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய வேண்டும். வலிய வாயை உடைய சாடியில், இளமை நீங்கி முதிரும்வரை அது விளைய வேண்டும். பிறகு விரலால் அலைத்துப் பிழிந்து அரிக்க வேண்டும். இந்தக் கள் சுட்ட மீனோடு விருந்தாகக் கிடைக்கும் என்கிறான் பாணன்.

வரிசையில் ஓரிடத்தைக்கூட மாற்ற முடியாது. ஈஸ்ட் எனப்படும் நொதி நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு சாராயச்சத்தாக மாற்றும். அரிசியின் மாச்சத்தை அதனால் நேரடியாக உண்ண முடியாது. ஆகவே மாச்சத்தை முதலில் சர்க்கரையாக உடைக்க வேண்டும். அதைச் செய்வது அமைலேஸ் என்னும் நொதிப்பொருள். பார்லியின் மாச்சத்து சுமார் 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரிலேயே இளகிக் கொடுத்துவிடும். அரிசி அப்படியன்று, அதன் மாச்சத்து இளக இன்னும் அதிகச் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் அமைலேஸ் செயலிழந்துவிடும். எனவே அரிசியைத் தனியே வேகவைத்து, ஆறிய பின்பே அமைலேஸ் உள்ள பொருளைச் சேர்க்க வேண்டும். புலவர் ஆற்றுவதைத் தனி வினையாகச் சொல்லியிருப்பது அணிக்காக அன்று. அந்த வேலைக்கு வாயகன்ற கலமும், விளைவதற்கு வேறொரு சாடியும் என்று கலங்களை அவர் பிரித்துச் சொன்னதும் அப்படியே. களி விரைவில் ஆறப் பரப்பு வேண்டும். விளையும்போது காற்று படாமல் இருக்க ஆழம் வேண்டும்.

‘இனிமை பெற’ என்னும் பொருளுடைய சொல் நின்ற இடமும் கவனிக்கத் தக்கது. அது கள்ளின் சுவையைப் புகழும் அடைமொழியாக இறுதியில் வரவில்லை. நல்லடை கலந்ததற்கும் நாள் கழிவதற்கும் நடுவில் வருகிறது. மாச்சத்து சர்க்கரையாகும் கட்டம் சரியாக அதுதான். கலந்த களி முதலில் தித்திக்கும். பிறகுதான் புளித்து ஏறும். அதை ஒரு முறையேனும் சுவைத்துப் பார்த்தவரிடம் கேட்டுத்தான் புலவர் எழுதியிருக்க வேண்டும்.

நல்லடை எது?

இப்பகுதியின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. பாம்பு வாழும் புற்றில் உள்ள குரும்பியைப் போன்ற புறத்தோற்றம் உடையது என்று புலவர் அதற்கு உவமை சொல்கிறார். குரும்பி என்பது புற்றாஞ்சோறு. கறையான்கள் தம் உணவுக்காகப் பூஞ்சை வளர்க்கும், துளைகள் நிறைந்த கடற்பஞ்சு போன்ற கட்டி.

நல்லடை என்பதை முளை, அதாவது நெல்முளை என்று கொள்வதே உரைமரபு. முளைவிட்ட தானியத்தில் அமைலேஸ் உண்டாகிறது என்பதால் வேதியியலுக்கும் இது பொருந்துகிறது. ஐரோப்பிய முறையில் பார்லி முளை செய்யும் வேலையை இங்கே நெல்முளை செய்கிறது.

ஆனால் வேறொரு பொருளுக்கும் இடம் உண்டு. இந்தியாவின் கிழக்கிலும் வடகிழக்கிலும் அரிசிக் கள் செய்யும் பழங்குடி மக்கள் பலர், அரிசி மாவோடு மூலிகைகளைச் சேர்த்துத் தட்டையாக்கி உலர்த்திய வில்லைகளைப் பயன்படுத்துகின்றனர். மணிப்பூரில் அதற்கு ஹமேய் என்று பெயர். ஹண்டியா என்னும் அரிசிக் கள்ளுக்கு ஜார்க்கண்டில் இடப்படும் வில்லை ரானு. அவற்றில் மாச்சத்தை உடைக்கும் பூஞ்சைகளும் நொதிக்கச் செய்யும் ஈஸ்டும் சேர்ந்தே இருக்கும். வெந்த சோற்றைப் பாயில் பரப்பி ஆற வைத்து, வில்லையைப் பொடித்துத் தூவி, பானையில் அடைத்து வைப்பார்கள். பெரும்பாணாற்றுப்படையின் வரிசையும் ஏறக்குறைய இதுவே. ‘அடை’ என்ற சொல்லுக்குத் தட்டையான அப்பம் என்ற பொருள் இன்றும் தமிழ்நாட்டுச் சமையலறையில் உயிரோடு இருக்கிறது. பூஞ்சை படர்ந்த வில்லைக்குப் பூஞ்சை படர்ந்த புற்றாஞ்சோற்றை உவமை சொன்னார் என்றால் கேட்க மிக அழகாக இருக்கிறது. முளை என்று கொண்டால் அதை இடிக்க வேண்டும். பாட்டிலோ இடிக்கும் வேலை சொல்லப்படவில்லை என்பதும் இப்பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது.

அழகாக இருப்பதாலேயே இந்தப் பொருளை ஏற்றுவிடக் கூடாது. இதற்கு விடை நூலகத்தைவிடத் தஞ்சை வயல்களில் தெளிவாகக் கிடைக்கிறது. ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கும் ஆண்டுகளில், குறுவைக்கு விதை நெல் முளைகட்டுவது காவிரிப் படுகை வீடுகளில் கண்கூடான வேலை. நெல்லை ஒரு நாள் ஊறவைத்து, நீரை வடித்துச் சாக்கில் கட்டி, வைக்கோல் மூடி, மேலே பாரம் ஏற்றி இன்னொரு நாள் வைப்பார்கள். உள்ளே சூடு ஏறும். முளை தலைகாட்டியதும் எடுத்து நாற்றங்காலில் விதைத்துவிட வேண்டும். மழையினாலோ ஆள் கிடைக்காமலோ அரை நாள், ஒரு நாள் பிந்திவிட்டால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சாக்கைக் கவிழ்த்தால் நெல் தனித்தனியாகக் கொட்டாது; ஒரே அடையாக விழும். வெளிப்புறம் முழுவதும் வெள்ளை வேர்கள் சுருண்டு, இடையிடையே துளை தெரிய, பார்ப்பதற்குப் புற்றாஞ்சோறு போலவே இருக்கும். விதைப்பவருக்கு அது நட்டம். கள் ஆக்குபவருக்கு அதுவே பதம்.

எனவே ‘அடை’ என்ற சொல்லையும் குரும்பி என்ற உவமையையும் விளக்குவதற்கு வில்லையைத் தேடிப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. முளை என்ற பழைய பொருளே இரண்டையும் தாங்குகிறது. நாகாலாந்தில் அங்காமி மக்கள் செய்யும் ஜுதோ என்னும் அரிசிக் கள்ளில் முளைவிட்ட நெல்லைத்தான் அரைத்துச் சேர்க்கின்றனர். ஆகவே நெல்முளை முறை இந்தியாவில் தனித்து நின்ற விந்தையும் அன்று. இடிக்கும் வேலை சொல்லப்படாதது ஒரு குறையே. ஆனால் பாட்டில் தண்ணீர் ஊற்றும் வேலையும்தான் சொல்லப்படவில்லை.

ஒரு கேள்வி மிஞ்சுகிறது. முளை சர்க்கரையைத் தரும். ஈஸ்ட் எங்கிருந்து வந்தது? தவிடு போகாத அரிசியைப் புலவர் சொன்னாலும் அது வெந்துவிட்டது. வெந்ததில் ஈஸ்ட் பிழைக்காது. முளையின் உமியில் கொஞ்சம் இருக்கும். சாடியில் மிகுதியாக இருக்கும். முன்பு விளைந்த கள்ளின் அடிமண்டி ஒட்டிய சாடி, அடுத்த கள்ளுக்கு உறை. இட்லி மாவுப் பாத்திரத்தில் பழைய மாவைச் சிறிது விட்டுவைக்கும் வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டே நாளில் கள் முதிர்ந்ததற்கும் கடலோர வெப்பத்தோடு இந்தப் பழகிய சாடி காரணமாக இருக்கலாம்.

அடுதலும் காய்ச்சுதலும்

சங்கப் பாடல்களில் சோறு சமைப்பதற்கும் கள் ஆக்குவதற்கும் ‘அடு’ என்ற ஒரே வினை வருகிறது. இன்றைய மாணவர் அதைக் ‘காய்ச்சுதல்’ என்று மாற்றிக்கொண்டு, அடுப்பில் பானை வைத்து ஆவியை வடித்து எடுக்கும் சாராயத்தை நினைத்துக்கொள்கிறார். இது பெரும் பிழை. வலைஞர் வீட்டில் சூடேறுவது அரிசி வேகும்போது மட்டுமே. அதன் பிறகு நடப்பதெல்லாம் குளிர்ந்த நிலையில் விளைதல். புலவர் பயன்படுத்தும் வினையும் ‘விளை’ என்பதே. நெல் விளைவதற்கும் கள் விளைவதற்கும் ஒரே சொல்.

இந்த வேறுபாட்டை அறியாமல் இருப்பது வெறும் இலக்கியக் குறை மட்டும் அன்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். தொழிற்சாலைப் பொருளான மெத்தனாலுக்கும் அரிசி புளித்து உண்டாகும் கள்ளுக்கும் தொடர்பு இல்லை. செய்திகளில் ‘கள்ளச்சாராயம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடுகின்றன. அதே சமயம், பழைய பாட்டில் இருக்கிறது என்பதற்காக இதை வீட்டில் செய்து பார்க்கவும் இயலாது. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். பனை, தென்னைக் கள்ளும் 1987 முதல் தடையில் இருக்கிறது.

பாட்டைக் கொண்டு கள் ஆக்கிப் பார்த்த நிகழ்ச்சி வேறு நாட்டில் உண்டு. சுமேரியர்களின் பியர்த் தெய்வமான நின்காசியைப் போற்றும் பாடல் களிமண் பலகைகளில் கிடைத்துள்ளது. காலம் ஏறக்குறைய கி.மு. 1800. அதுவும் துதியின் வடிவில் அமைந்த செய்முறைதான். 1964-இல் மிகுவேல் சிவில் அதை மொழிபெயர்த்தார். 1989-இல் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் நிறுவனம், மானிடவியலாளர் சாலமன் காட்ஸின் துணையோடு அந்தப் பாட்டைப் பின்பற்றி ஒரு பியரை ஆக்கியது. அங்கும் சிக்கல் ஒரே சொல்லில்தான் இருந்தது. ‘பப்பிர்’ என்பதை ஒருவகை ரொட்டி என்று கொண்டே அவர்கள் செய்தனர். அது ரொட்டியே அன்று என்னும் ஆய்வாளரும் உண்டு. அங்கே பப்பிர், இங்கே நல்லடை. செய்பவருக்கு எல்லாம் தெரியும் என்பதால் பாட்டு விளக்காமல் விடும் இடம், பின்னால் வருபவர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடமாகிறது.

நிரலும் ஆளும்

அமெரிக்காவில் வீட்டில் பியர் ஆக்குவதை வரியின்றி அனுமதிக்கும் சட்டத்தில் 1978-இல் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். பெரியவர் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை ஆக்கலாம். பிரிட்டனில் 1963-லேயே உரிமம் தேவையில்லை என்றாகிவிட்டது. இதன்பின் வளர்ந்த பொழுதுபோக்குக் கலையில் இப்போது தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டன. எத்தனை டிகிரியில் எத்தனை நிமிடம் என்று நிரல் எழுதிவிட்டால், கருவியே சூடேற்றி, சுழற்றி, குளிர்வித்து, கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும். ‘ராஸ்பெரி பை’ என்னும் உள்ளங்கை அளவுக் கணினியைக் கொண்டு தாமே அமைத்துக்கொள்பவரும் உண்டு.

அந்த நிரலையும் நம் பாட்டையும் அருகருகே வைத்தால் ஓர் ஒற்றுமை தெரியும். இரண்டிலும் ஆள் இல்லை. பெரும்பாணாற்றுப்படையின் இப்பகுதி ஆற்றி, கலந்து, கழித்து என்று வினையெச்சங்களாகவே நகர்கிறது. யார் ஆற்றினார், யார் கலந்தார் என்று எழுவாய் வெளிப்படவில்லை. தொடர் முடியும்போது வருவது ‘பெறுவீர்கள்’ என்ற முன்னிலை வினை. செய்தவர் மறைந்து, குடிப்பவர் மட்டும் நிற்கிறார். விருந்தோம்பலைப் பாடும் நூல் வகை இது என்று சமாதானம் சொல்லலாம். இருந்தும், செய்முறையை இவ்வளவு நுணுக்கமாக அறிந்த புலவர் செய்தவரைக் குறிக்காமல் விட்டது உறுத்துகிறது.

கருவியால் இன்னும் எளிதில் பிடிக்க முடியாத ஒன்றையும் பாட்டு பதிந்திருக்கிறது. இளங்கள்ளின் முதிராத தன்மையைக் குறிக்க ‘வழைச்சு’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நொதித்து முடியாத பியரில் பச்சை ஆப்பிள் போன்ற நெடி இருக்கும். அசிட்டால்டிஹைடு என்னும் பொருளால் வருவது. ஆங்கிலம் பேசும் பியர்க்காரர்களும் அந்நிலையைப் ‘பச்சை’ என்றே சொல்கிறார்கள். அந்த நெடி போனதா என்று முடிவு செய்வது இன்றைக்கும் மூக்குதான். வெப்பமானி இல்லாத வீட்டில் இரண்டு பகல் இரண்டு இரவு என்பது தோராயக் கணக்கு. வழைச்சு அறுவதே உண்மையான அளவுகோல்.

கழுநீர்

செய்தவரைப் பார்க்க நூலில் இன்னும் சிறிது தூரம் நடக்க வேண்டும். பட்டினப் பகுதியில் கள் ஆக்கும் பெண்கள் வருகின்றனர். அங்கேயும் அவர்கள் கள் ஆக்குவதை நாம் பார்ப்பதில்லை. கலம் கழுவுவதைத்தான் பார்க்கிறோம். கழுவிய நீர் வழிந்து குழம்பாகி, சேறாகித் தேங்குகிறது. அந்தச் சேற்றில் பன்றிகள் குட்டிகளோடு புரள்கின்றன. அவற்றோடு சேரவிடாமல் ஆண் பன்றியொன்றைக் குழியில் நிறுத்தி மாவூட்டிக் கொழுக்க வைக்கிறார்கள். பிறகு அதன் இறைச்சியும் முதிர்ந்த கள்ளும் விருந்தாகின்றன.

இதை மருவூர்ப்பாக்கத்து அழுக்கு என்பதுபோல் முகம் சுளித்துக் கடப்பது எளிது. ஆனால் இதே புலவரின் பட்டினப்பாலையைத் திறந்தால், சோழநாட்டின் பெருமையைச் சொல்லும் இடத்திலேயே இன்னொரு கழிவுநீர் ஓடுகிறது. அறச்சாலைகளில் சோறு வடித்த கொழுத்த கஞ்சி ஆறு போலத் தெருவில் பரவுகிறது. காளைகள் மோதி அது சேறாகிறது. தேர் ஓடி அது துகளாகிறது. அத்துகள் ஓவியம் தீட்டிய மாளிகையில் படிகிறது. வளத்தைக் காட்ட வேண்டும் என்றால் நெற்குவியலைப் பாடுவது பொதுவழக்கம். உருத்திரங்கண்ணனார் வடிகாலைப் பார்க்கிறார். எவ்வளவு சமைக்கிறார்கள் என்பதற்கு வெளியேறும் நீரைவிட நம்பகமான கணக்கு வேறில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

காஞ்சி நூலில் வரும் கழுநீரையும் காவிரி நூலில் வரும் கஞ்சியையும் இணைத்துப் படிக்க வாய்ப்புத் தந்தது உ.வே. சாமிநாதையரின் 1889-ஆம் ஆண்டுப் பத்துப்பாட்டுப் பதிப்பு. அப்போது அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். 1880 முதல் 1903 வரை அங்கே பணியாற்றினார். நச்சினார்க்கினியர் உரையோடு அந்நூல் அச்சேறியிராவிட்டால், முளை என்ற பொருளும் நம் கைக்கு இவ்வளவு எளிதாக வந்திராது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நச்சினார்க்கினியர் பாட்டுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிற்பட்டவர். அவர் காலத்தில் அரிசிக் கள் ஆக்கும் வீடுகள் இருந்து, அதைப் பார்த்து எழுதினாரா, அல்லது ஆசிரிய மரபில் கேட்ட பொருளை எழுதினாரா என்பதை உரை காட்டவில்லை. எயினர் குடிக்கும் தோப்பியை நெல்லால் ஆக்கிய கள் என்று அவர் தயங்காமல் விளக்கும் தொனியைப் பார்த்தால், பார்த்தே எழுதியதாகத் தோன்றுகிறது.

அந்த எயினர் பகுதியிலும் ஒரு சிறு செய்தி உண்டு. அவர்கள் விடியலில் பகைவர் நாட்டில் ஆநிரை கவர்ந்து வந்து, அதை விற்று நறவு வாங்குகின்றனர். தோப்பியோ வீட்டிலேயே இருக்கிறது. விலைக்கு வாங்கும் கள் வேறு, வீட்டில் ஆக்கும் கள் வேறு என்ற பிரிவு அப்போதே நடைமுறையில் இருந்திருக்கிறது. பட்டினப்பாலையில் கள் விற்கும் வீட்டு வாசலில் மணல் குவித்து, மலர் தூவி, கொடி கட்டியிருக்கிறார்கள். தோப்பி ஆக்கிய வீட்டுக்குக் கொடி இல்லை. அந்த வீட்டை அடையாளம் காட்டியது முற்றத்துச் சேறும், அதில் புரண்ட பன்றிக்குட்டிகளும்தாம்.